மரத்தடியில் புத்தகத்தோடு இருந்தவர்

அக்கா மகன் லீவுக்குக் கோபிசெட்டிபாளையம் வந்திருந்தான். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து ஹாரி பாட்டர் கதை பேசிக்கொண்டிருந்தோம். "ஸ்னேப் பாவமுங்க சித்தி, ஜேம்ஸ்தான் கெட்டவன்" என்றான். ஜேம்ஸ், ஹாரியின் அப்பா; ஸ்னேப் அவனோடு மந்திரப் பள்ளியில் படித்தவர்.

2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. பரீட்சை முடிந்து தன்பாட்டுக்குப் போன ஸ்னேப்பை ஜேம்ஸ் தலைகீழாகத் தொங்கவிடுகிறான். கூட்டாளி சிரியஸுக்குப் போரடித்ததாம், அதற்காக! அதைப் படித்ததிலிருந்து ஜேம்ஸ் மேல் எனக்குப் பழைய பிரியம் இல்லை. ஆனால் அதே ஸ்னேப் வாத்தியாராகி, நெவில் என்ற மாணவனை என்ன பாடு படுத்தினார்? அந்தப் பையன் உலகத்திலேயே அதிகம் பயந்தது அவருக்குத்தான். அதை எப்படி விடுவது?

ஜேம்ஸின் இன்னொரு கூட்டாளி பீட்டர், பின்னாளில் அவனையே காட்டிக்கொடுத்த துரோகி. அதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு ஆறாதது அதே கூட்டத்து லூபின்தான். மாணவர் தலைவர் பொறுப்பில் இருந்தவர், மரத்தடியில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தடுக்கத் தைரியம் வரவில்லை என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொள்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். அவளைப் பேசச் சொல்லிச் சொல்லி ராத்திரியானால் அழ வைப்பார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப லூபினும் கெட்டவருங்களா?"

"இல்ல கண்ணு. ஆனா அன்னைக்கு அவர் எந்திரிச்சிருக்கோணும்."

அந்தப் பெண் இப்போது தாராபுரம் பக்கம் இருக்கிறாளாம். நம்பர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.