வார்ப்பிரும்புத் தாச்சி: உள்வளைவு ஒருவழியாகப் பிடிபட்டது

வார்ப்பிரும்புத் தாச்சியைப் (வாணலியை) படம் எடுக்கையில் அதற்குள் யன்னல் வெள்ளைச் சதுரமாக விழுகிற கரைச்சல் தீர்ந்தது. தீர்த்து வைத்தது ஒரு நாலு முழ வேட்டி. லென்ஸுக்கும் பில்டருக்கும் கொட்டின காசு வீண்.

கறுப்பு இரும்பு தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். தோசைக்கல் தட்டை என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் வாங்கும். தாச்சி குழியாடி, யன்னல் கம்பி, கமரா ஸ்ராண்ட், போட்டிருக்கிற வெள்ளைச் சேட் என்று அறை முழுவதையும் சுருக்கி வயிற்றுக்குள் வைத்துவிடும்.

வேட்டியை யன்னல் சட்டத்தோடு ஒட்டிக் கட்டினால் அதே சதுரம்தான், கொஞ்சம் மங்கலாக. ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கொடியில் தொங்கவிட வேண்டும், யன்னலைவிட அகலமாக. அப்போது துணியின் நடு வெளிச்சமாகவும் ஓரம் மங்கியும் நிற்கும். அந்தத் தேய்வு அப்படியே இரும்பில் இறங்கும். கரையை மடித்துப் பின்னால் விட மறக்கக்கூடாது. பச்சைக் கரை தாச்சிக்குள் ஒரு கோடாக ஓடும், கணினியில் அழிக்க ஒரு பொழுது போகும். ஃபானையும் நிற்பாட்ட வேண்டும். ஷட்டர் ஒரு செக்கன் திறந்திருக்கையில் துணி ஆடினால் வெளிச்சமும் ஆடும்.

நேர் வெயில் வராது என்பதால் வடக்கு யன்னல்தான் நல்லது என்று மேல்நாட்டுப் பாடங்களில் படித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். நண்பகலில் தாழ்வாரம் காப்பாற்றும். காலையிலும் பின்னேரத்திலும் வெயில் நேரே உள்ளே வரும்.

அடுத்த சிக்கல் எண்ணெய். காய்ந்த இரும்பு சாம்பல் பூத்துத் தெரியும், எண்ணெய் கூடினால் பிளாஸ்டிக். கை பொறுக்கிற சூட்டுக்குத் தாச்சியைக் காய்ச்சி, கால் தேக்கரண்டி நல்லெண்ணெய் தேய்த்து, பூசவே இல்லை என்று தோன்றும்வரை துடைத்தெடுக்க வேண்டும். துவாய் வேண்டாம், நூல் விடும். பழைய ரீசேட் துணி போதும். தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறைந்து வெள்ளைப் படலம் போடும். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. கைரேகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எஃப் 11 என்கிற சிறிய லென்ஸ் திறப்பில் தெளிவாகவே விழும்.

பிறகு போலரைசர், பளபளப்பை வெட்டுகிற பில்டர். தோசைக்கல்லுக்கு அது உதவும்: கமரா கல்லின் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகை உயரத்தில் நின்றால் எண்ணெய்ப் படலத்தின் பளபளப்பை நன்றாக வெட்டும். தாச்சியில் கோணம் இடத்துக்கிடம் மாறுவதால் ஒரு பட்டை மட்டும் கறுத்து, அழுக்குப் போலக் கிடக்கும். சுரண்டி வெளுத்த வெறும் உலோகத்தின் மினுக்கத்தை எப்படித் திருப்பினாலும் அசைக்காது. தாச்சிக்குக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் வழமைதான்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 50 மி.மீ., இரண்டு செக்கன் டைமர். கமராவின் வெளிச்ச மீட்டர் சொல்வதைக் கேட்டால் இரும்பு சாம்பல் நிறமாக வரும். கமரா பதப்படுத்தாமல் சேமிக்கிற ரோ கோப்பில் அது பரவாயில்லை. மினுக்கம் வெடிக்காமல் பார்த்து எடுத்துப் பிறகு இறக்கலாம், நிழலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதி) குறைக்கட்டும்.

விளிம்புக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க இரண்டு அங்குல அகல வெள்ளை ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டு ஒன்று. முழுப் பலகையை வைத்தால் பக்கம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். துண்டு வைத்தால் விளிம்பில் ஒரு வெள்ளை நூல், அதில் வார்ப்பின் தடிப்பும் மணல் அச்சின் சொரசொரப்பும் எழும்பும். பாரம் தெரிவது அங்கேதான். கீழே சணல் சாக்கு விரித்தால் அது அமுங்கி மடிந்து மிச்சத்தைச் சொல்லும்.

கறுப்புப் பிறிஸ்டல் போர்ட் அட்டையைப் பின்னணிக்கு வாங்கவே வாங்காதீர்கள், பக்கவெளிச்சத்தில் சாம்பலாகிவிடும். துணிக்கடையில் ஒரு மீற்றர் கறுப்பு வெல்வெட் எடுங்கள். பழைய தாச்சி தேடுகிறவர்கள் இரும்பு வாங்க வீதியில் வருபவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்றால் எங்கோ வெடிப்பு. சமைக்க ஆகாது, படத்துக்கு அதுவே நல்லது.

வெடிப்போடு ஒரு அப்பத்தாச்சி கிடைத்திருக்கிறது. அதைக் கழுவி ஈரத்தோடு விட்டு, மாரிக் காற்றில் கறள் ஏறவிடப் போகிறேன். கறளின் செம்மைக்குப் பக்கத்தில் செத்தல் மிளகாய் நிற்குமா, பனம்பலகை நிற்குமா என்று பார்க்க வேண்டும். தாச்சிப் படங்களுக்கு நிறம் திருத்துகிற வேலை இன்னும் தொடங்கவில்லை. முற்றத்து வாழையின் பச்சை வேட்டி வழியாக ஏறியிருக்கிறது.