தனி ஊசலும் மூன்றாவது இலக்கமும்

ஒரு மீட்டர் நூல், ஒரு குண்டு, கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை எத்தனை இலக்கம் வரை நம்பிச் சொல்ல முடியும் என்று பார்ப்பதே கடந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக என் பொழுதுபோக்கு. பள்ளியில் முக்கிய எண்ணுருக்களுக்கான, அதாவது ஓர் அளவில் பொருளுள்ள இலக்கங்களுக்கான, விதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓர் இலக்கத்தை ஏன் வெட்டுகிறோம், எதை நம்பி வைத்துக்கொள்கிறோம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு வீட்டில் கிடந்த கொத்தனார் தூக்குக்குண்டைத் தையல் நூலில் கட்டி, நிலைக்கதவின் மேல்கட்டையில் தொங்கவிட்டேன். தையல் டேப்பால் அளந்து, நோட்டில் “நீளம் 100 செ.மீ.” என்று எழுதினேன். ஒரே ஓர் அலைவுக்கு, அதாவது ஒரு முறை போய்த் திரும்பி வர, ஆன நேரம் கைப்பேசியில் 1.97 வினாடி என்று வந்தது. நான்கு பெருக்கல் பையின் (π) இருபடி பெருக்கல் நீளம், வகுத்தல் அலைவு நேரத்தின் இருபடி என்ற சூத்திரத்தில் இவற்றைப் போட்டதும் கணிப்பான் 10.1724903 மீ/வி² என்று காட்டியது. புவியீர்ப்பை ஒன்பது இலக்கத்தில் கண்டுபிடித்துவிட்ட பெருமை ஐந்து நிமிடம் இருந்தது.

அடுத்து அதே அலைவை மேலும் நான்கு முறை அளந்தபோது 2.08, 1.94, 2.05, 2.11 என்று வந்தது. ஊசல் மாறவில்லை, என் கட்டைவிரல்தான் ஒவ்வொரு முறையும் முந்தியோ பிந்தியோ அழுத்தியிருக்கிறது. கடிகாரம் நூறில் ஒரு பங்கு வினாடியைக் காட்டினாலும், என் கை பத்தில் ஒரு பங்கு வினாடிக்கே உத்தரவாதம் தருகிறது. ஐந்து விழுக்காடு ஐயமுள்ள நேரத்தை இருபடியாக்கினால் ஐயம் பத்து விழுக்காடாகிறது. ஆகவே அந்த 10.1724903-இல் நான் சொல்லத் தகுந்தது “பத்து, ஒன்று கூடவோ குறையவோ இருக்கலாம்” என்பது மட்டுமே. அதையும் “10” என்று எழுதினால் அந்தச் சுழி அளந்து வந்ததா, இடத்தை நிரப்ப வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. 1.0 × 10 என்று எழுதினால்தான் இரண்டு இலக்கம் என்பது விளங்கும்.

இதே குற்றம் என் நோட்டிலும் இருந்தது. “100 செ.மீ.” என்று எழுதிய அந்த இரண்டு சுழிகளில் எதை நான் டேப்பில் பார்த்துப் படித்தேன் என்பது ஒரு வாரம் கழித்து எனக்கே தெரியவில்லை. மில்லிமீட்டர் கோடு வரை பார்த்திருந்தால் 100.0 என்று எழுதியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஊசலின் நீளத்தைக் குண்டின் நிறைமையம் வரை அளக்க வேண்டும், தூக்குக்குண்டு கூம்பு வடிவில் இருப்பதால் அது எங்கே என்பதும் கண்மதிப்புத்தான்.

இரண்டாவது வாரம் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கொக்கி வைத்த பித்தளை உருண்டை ஒன்று வாங்கினேன். முறுக்கிக்கொள்ளும் தையல் நூலை விட்டுவிட்டுத் தூண்டில் நரம்புக்கு மாறினேன். நரம்பின் மேல்முனையை இரண்டாகப் பிளந்த தக்கைக்குள் வைத்து இறுக்கினேன். ஊசல் தொங்கும் புள்ளி திட்டமாகத் தெரிவதற்குப் பள்ளியில் சொல்லித்தந்த இந்த முறைக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை. பக்கவாட்டில் ஐந்து செ.மீ.க்கு மேல் இழுக்காமல் விட்டேன். அது மூன்று பாகைக்குள் அடங்கும். குண்டு அலைவின் ஓரத்தில் தயங்கி நிற்பதால் அங்கே நேரம் குறிப்பது கடினம். எனவே பின்சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, குண்டு மிக வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில் கடிகாரத்தை அழுத்தினேன்.

இருபது அலைவுகளை எண்ண முடிவு செய்தேன். கட்டைவிரலின் பிழை ஒரு முறைதான் வரும், ஆனால் அது இருபது அலைவுகளுக்குப் பங்கிடப்படும். முதல் எண்ணிக்கையில் 38.28 வினாடி வந்தது, அதிலிருந்து கணக்கிட்ட மதிப்பு 10.8. பத்து நிமிடம் குழம்பிய பிறகுதான், கடிகாரத்தை அழுத்தும்போதே “ஒன்று” என்று எண்ணத் தொடங்கியது தெரிந்தது. நான் இருபது என்று நினைத்தது பத்தொன்பது. எண்ணி வந்த எண்ணுக்கு ஐயமே கிடையாது, அதற்கு முடிவற்ற முக்கிய எண்ணுருக்கள் உண்டு என்று பாடநூல் சொல்வது சரிதான், ஒழுங்காக எண்ணினால். அதன் பிறகு “சுழி” என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

திருத்தி எண்ணியபோது இருபது அலைவுகளுக்கு 40.30 வினாடி ஆனது. நீளம் தையல் டேப்பின்படி 100.0 செ.மீ. விடை 9.72. மூன்று முறை செய்தும் 9.70-க்கும் 9.74-க்கும் இடையிலேயே நின்றது. இத்தனை ஒழுங்காக ஒரே இடத்தில் வந்து விழும் எண்ணைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. ஆனால் நான் இருப்பது திருச்சிப் பக்கம், ஏறத்தாழ 11 பாகை வடக்கு அகலாங்கு. புவியீர்ப்பை அகலாங்கிலிருந்து கணக்கிடும் சூத்திரம் இந்த இடத்துக்குத் தரும் மதிப்பு 9.78. ஸ்டீல் டேப் ஒன்றைக் கடன் வாங்கி வந்து அளந்தேன். நீளம் 100.6 செ.மீ. எனத் தெரிந்தது. பல ஆண்டுகள் இழுபட்ட தையல் டேப் நீண்டு, அதன் கோடுகள் விலகிப்போய், நீளத்தை ஆறு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறது. நுட்பம் (அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவருவது) வேறு, துல்லியத்தன்மை (உண்மை மதிப்பை ஒட்டி வருவது) வேறு என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதிய விடை அன்றைக்குத்தான் உறைத்தது. எத்தனை இலக்கம் எழுதலாம் என்று முக்கிய எண்ணுரு விதி சொல்லும். டேப் பொய் சொல்கிறதா என்று அது சொல்லாது.

மூன்றாவது வாரம் நீளத்தைச் சீராக எடுத்தேன். தக்கையிலிருந்து உருண்டையின் உச்சி வரை ஸ்டீல் டேப்பில் 99.3 செ.மீ. உருண்டையின் விட்டத்தை டிஜிட்டல் வெர்னியரில் அளந்தேன். முகப்புகளை மூடிச் சுழிப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உருண்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்ததில் 25.38, 25.37, 25.39, 25.38 மி.மீ. என்று வந்தது. கடைசி இலக்கம் ஆடுகிறது, ஆனாலும் அது பொருளற்றதன்று. உறுதியான இலக்கங்களோடு, ஆடுகின்ற முதல் இலக்கத்தையும் சேர்த்தே முக்கிய எண்ணுரு என்கிறோம். விட்டத்தை இரண்டால் வகுக்கும்போது அந்த இரண்டு துல்லியமான எண் என்பதால் இலக்கம் குறையவில்லை, ஆரம் 1.269 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 100.569. கூட்டலில் தசம இடம்தான் கணக்கு. 99.3-இல் ஒரு தசம இடம் மட்டுமே உள்ளதால் விடை 100.6 செ.மீ. காசு கொடுத்து வாங்கிய வெர்னியர் தந்த இரண்டு இலக்கங்களும் அந்த ஒரு வரியில் போய்விட்டன. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆரத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், நரம்பின் நீளத்தை மில்லிமீட்டருக்குக் கீழே அளக்காதவரை அது வீண் என்பது அளந்து முடித்த பிறகுதான் புரிந்தது.

புதிய நீளத்தைப் போட்டதும் கணிப்பான் 9.7815 என்று காட்டியது. நான் எழுதியது 9.78. இதே தரவை வைத்து, பையை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 3.14 என்று போட்டால் 9.77. 22/7 என்று போட்டால் 9.79. கணிப்பானில் உள்ள முழு மதிப்பைப் போட்டால் 9.78. ஐந்து வாரம் போராடிப் பெறுகிற மூன்றாவது இலக்கத்தைப் பள்ளிப் பழக்கத்தில் எழுதிய ஒரு பின்னம் தட்டிப் பறித்துவிடுகிறது. மாறிலியை, அளந்த எண்களைவிட ஓரிரு இலக்கமாவது கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. நடுவழியில் முழுமைப்படுத்துவதும் இதே வேலையைச் செய்கிறது. 40.30-ஐ இருபதால் வகுத்து வந்த 2.015-ஐ, மூன்று இலக்கம் போதும் என்று 2.02 ஆக்கிவிட்டுத் தொடர்ந்தால் விடை 9.73 ஆகிறது. வெட்டுவதை விடையில்தான் செய்ய வேண்டும், வழியில் செய்யக்கூடாது.

இந்த இடத்தில் பாடநூல் விதியோடு எனக்குச் சிறு பிணக்கு வந்தது. 100.6-இல் நான்கு இலக்கம், 40.30-இல் நான்கு இலக்கம், ஆகவே பெருக்கல் வகுத்தல் விதிப்படி விடையையும் நான்கு இலக்கத்தில் 9.782 என்று எழுதலாம். ஆனால் இருபது அலைவுகளின் நேரத்தில் கட்டைவிரலின் ஐயம் 0.1 வினாடி என்றால், அதாவது கால் விழுக்காடு என்றால், விடையில் அது அரை விழுக்காடு, ஏறத்தாழ 0.05. மூன்றாவது இலக்கமே ஆடும்போது நான்காவதை எழுதுவது எப்படி? கடிகாரம் காட்டிய 40.30-இன் கடைசிச் சுழி என்னுடையதன்று, கடிகாரத்தினுடையது. அதை நான் 40.3 என்றே எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். 99.9 என்பதில் மூன்று இலக்கம், 100.6 என்பதில் நான்கு. இரண்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஐயம் கொண்டவையே. இலக்கங்களை எண்ணுவது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். உண்மையான கணக்கு ஐயத்தின் விழுக்காட்டில்தான் இருக்கிறது.

நான்காவது வாரம் ஐம்பது அலைவுகள் வீதம் ஐந்து முறை எண்ணினேன். 100.71, 100.83, 100.66, 100.79, 100.77, சராசரி 100.75 வினாடி. விடை மறுபடியும் 9.78. இப்போது நேரத்தின் ஐயம் நீளத்தின் ஐயத்தைவிடச் சிறிதாகிவிட்டது, ஆகவே 9.78 ± 0.01 என்று துணிந்து எழுதினேன்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் நோட்டை எட்டிப் பார்த்து, “மாமா, புத்தகத்துல 9.8-னுதானே இருக்கு, இதுக்கா இவ்வளவு பாடு படுறீங்க?” என்றான். கேள்வி நியாயமானது. ஆனால் 9.8 என்ற இரண்டு இலக்கத்துக்குள் பாரிசும் திருச்சியும் ஒன்றாகிவிடும். மூன்றாவது இலக்கத்தில்தான் அங்கே 9.81, இங்கே 9.78 என்று பிரிகின்றன. 1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிசில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு வினாடி எடுத்த ஊசலைக் கயேனில் ஏறத்தாழ 2.8 மி.மீ. குட்டையாக்க வேண்டியிருந்தது என்று கண்டார். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஊசலில் அது ஆயிரத்தில் மூன்று பங்கு. இலக்கங்களை அலட்சியமாக எழுதும் ஒருவர் அதைப் பிழை என்று தள்ளியிருப்பார். பூமி நிலநடுக்கோட்டில் பருத்திருக்கிறது என்று நியூட்டன் வாதிட்டபோது கையில் வைத்திருந்த சான்றுகளில் அதுவும் ஒன்று. 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் இதே வினாடி ஊசலின் நீளத்தை அளந்தார் என்று அவனிடம் சொன்னேன். “அவங்ககிட்ட கைப்பேசி இல்லையே” என்றான். ஊசலை ஒரு கடிகாரத்தின் ஊசலோடு ஆடவிட்டு, இரண்டும் ஒன்றுசேரும் கணங்களை எண்ணுவார்கள். கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை.

நூல்களில் காணும் 9.80665 என்ற எண்ணைக் காட்டி, அதில் எப்படி ஆறு இலக்கம் என்று அவனே அடுத்துக் கேட்டான். அது யாரும் எங்கும் அளந்த மதிப்பன்று; 1901-இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாட்டில் தரமாக வைத்துக்கொள்ளப்பட்ட எண். வரையறுத்த எண்ணுக்கு ஐயம் இல்லை.

நான்காவது இலக்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மூன்று பாகை வீச்சே விடையை 0.003 அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது. பித்தளையைக் காற்று தாங்கிப் பிடிப்பதால் 0.001 போகிறது. உருண்டை புள்ளியாக இல்லாமல் உருண்டையாகவே இருப்பதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு. இவையெல்லாம் கணக்கில் சரிசெய்யக் கூடியவை. நீளம் அப்படியன்று, அதை பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்தாக வேண்டும்.

ஐந்தாவது ஞாயிறு அதற்குத் தயாராகி, முதலில் பழைய நீளத்தையே மறுபடி அளந்தேன். 100.8 செ.மீ. என்று வந்தது. குண்டின் பாரத்தில் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்த தூண்டில் நரம்பு, நான் அளக்க விரும்பிய இலக்கத்தைப் போல இருபது மடங்கு நீண்டிருந்தது. நோட்டில் 9.78-க்குக் கீழே இப்போதைக்கு எழுதியிருப்பது ஒன்றுதான்: மெல்லிய எஃகுக் கம்பி, இரண்டு மீட்டர்.