டிரெயினோடு வீட்டுக்கு: மார்பக வார்டு நாட்குறிப்பு

ஜூன் 3, திங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக வந்தவர்களுக்கு நாளை ஆபரேஷன், நாளை மறுநாள் வீடு. கட்டியை மட்டும் எடுத்தால் சிலர் அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள். மார்பகத்தையோ அக்குள் நெறிகளையோ (நிணநீர் முடிச்சுகள்) முழுதாக எடுத்தால், காயத்துக்குள் ஊறும் நீரை வெளியே கொண்டுவரும் டிரெயின் டியூபும், அதை உறிஞ்சிச் சேர்க்கும் டப்பாவும் பெரும்பாலும் கூடவே வீட்டுக்குப் போகும். அதைக் கையாளச் சொல்லித்தர இன்றுதான் சரியான நாள். டிஸ்சார்ஜ் அன்று களைப்பு, பில், மருந்துச் சீட்டு, வாசலில் காத்திருக்கும் ஆட்டோ என்று எதுவும் காதில் ஏறாது. புது டப்பா ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையே செய்யச் சொல்ல வேண்டும். கணவர்மார் வராந்தாவிலேயே நின்றுவிடுகிறார்கள்; அவர்களையும் உள்ளே கூப்பிட வேண்டும்.

முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு கொண்டுவரட்டும். தலைவழியாகப் போடக் கை உயராது.

ஜூன் 4, செவ்வாய்

புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறியைக் கண்டுபிடிக்க நீல மருந்து போட்டிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். முன்பே சொல்லிவிட்டால் நள்ளிரவில் பயப்பட மாட்டார்கள். மாலையிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டலாம், முழங்கையையும் மடக்கலாம்.

ஜூன் 5, புதன்

காலை 7, இரவு 7 என்று நேரம் வைத்துக்கொண்டு டப்பாவைக் காலிசெய்ய வேண்டும். கையை சோப்பால் கழுவி, டியூபின் கிளிப்பைப் பூட்டி, மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, மி.லி., நிறம், நேரம் மூன்றையும் நோட்டில் எழுதணும். பிறகு டப்பாவை முழுதாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போட்டு, கிளிப்பைத் திறந்துவிடணும்.

தவறு நடப்பது கடைசி இரண்டு வேலைகளில்தான். அமுக்காமல் மூடினால் டப்பா இழுக்காது. கிளிப்பைத் திறக்க மறந்தால் நீர் உள்ளேயே தேங்கி அக்குள் வீங்கும், டியூப் நுழையும் இடத்தில் கசிந்து கட்டு நனையும். டப்பா உப்பியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வை போதும்.

டப்பாவைத் தொங்கவிடக் கூடாது. சின்னத் துணிப்பையில் போட்டு, மார்புக்குக் கீழே நைட்டியில் ஊக்கு குத்திவைக்கலாம்.

ஜூன் 8, சனி

“அளவு குறைஞ்சிடுச்சு சிஸ்டர்” என்று சந்தோஷமாக போன் வரும் நாள். மெல்ல மெல்லக் குறைந்தால் நல்லது. நேற்று 110, இன்று திடீரென்று 15 என்றால் டியூபுக்குள் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். தோலருகே டியூபை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கை விரல்களால் டப்பா பக்கமாக வழித்துவிடணும். விரலில் கொஞ்சம் சானிடைசர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, மஞ்சளாக மாற வேண்டும். டப்பா விறுவிறுவென்று புது ரத்தமாக நிறைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, காயத்தைச் சுற்றிச் சிவந்தாலோ உடனே வர வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மேல்கையின் உட்புறம் மரத்துப்போனது பற்றியும் கேட்பார்கள். அக்குள் வழியாகப் போகும் தோல் நரம்பு அறுபட்டாலோ இழுபட்டாலோ அப்படி ஆகும். ஊசி குத்துவது போன்ற உணர்வு மாதக்கணக்கில் இருக்கலாம். கையின் பலம் அதனால் குறையாது.

ஜூன் 14, வெள்ளி

24 மணி நேரக் கணக்கு தொடர்ந்து இரண்டு நாள் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் வழக்கமாக டியூபை எடுத்துவிடுவார்கள். சில டாக்டர்களின் கணக்கு சற்று மாறும். எடுக்கச் சில நொடிதான். அதற்குப் பிறகும் நீர் சேர்ந்து தளும்பினால் ஊசியால் உறிஞ்சலாம். மரத்த இடம் என்பதால் வலி குறைவு. இன்றிலிருந்து டாக்டர் சம்மதித்தால் சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சி. எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, மறுநாள் அதற்குச் சற்று மேலே.