எட் வின்னுக்குக் கிடைத்த சிரிப்பு

காலையில் பஸ்ஸில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் எட் வின்னின் 1930களின் வானொலி நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கீச்சுக்குரல், நடுநடுவே அவரே சிரிக்கும் சிரிப்பு, பின்னால் கூட்டம் அதிர்கிறது.

அந்தக் கூட்டத்தின் சிரிப்பு அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

1922-ல் தன் மேடை நாடகத்தை நியூஜெர்சியின் டபிள்யூஜேஇசட் வானொலி நிலையத்தில் நடித்தபோது, எத்தனை ஜோக் சொல்லியும் ஒரு சத்தமும் இல்லை. எதிரே மைக் மட்டும். வாடவில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடையில், ரசிகர்கள் முன்னால் வளர்ந்த மனிதர், பாவம், தவித்துப்போய், நிலையத்தில் இருந்த துப்புரவுத் தொழிலாளர்கள், எலக்ட்ரீஷியன்கள் என்று கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிவந்து உட்காரவைத்துத்தான் மீதியை நடித்தார்.

அப்புறம் 1932-ல் வாராந்திர நிகழ்ச்சி கிடைத்ததும், ஸ்டூடியோவிலேயே ரசிகர்களை வைத்துக்கொண்டு, வேஷமும் மேக்கப்பும் போட்டு நின்றார். வானொலிக்கு!

வீட்டில் கேட்டவர்கள் அந்த வேஷத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சிரித்தது மட்டும் அவர்கள் காதுக்கு வந்தது. எனக்கு இன்று பஸ்ஸில் வந்த மாதிரி.