ஸ்விஃப்ட் டீசலில் பூஸ்ட் கேஜ்: குழாயை எங்கே வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்

டீசல் காரில் டர்போ பூஸ்ட் கேஜ், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) காட்டும் மீட்டர், மாட்டப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த பிராண்ட், ஊசி என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். பிரஷரை எந்தக் குழாயிலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதைத் தப்பாகச் செய்த ஒரு கடையால் என் காருக்கு பிரேக்கே பிடிக்காமல் போகப் பார்த்தது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கார் 2014 ஸ்விஃப்ட் டீசல். 1.3 லிட்டர் டிடிஐஎஸ், அதாவது ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின், 75 பிஎஸ். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், இந்த இன்ஜினை வைத்திருக்கிற எல்லோரையும் போல நானும் இதைப் பொத்திப் பொத்தித்தான் ஓட்டுகிறேன். 2000 ஆர்பிஎம் தாண்டினதும் முதுகை சீட்டோடு அழுத்தும் அந்த இழுவை கொஞ்ச நாளாகக் குறைந்த மாதிரி இருந்தது. ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் வரவில்லை. டர்போ எவ்வளவு தள்ளுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் கேஜ் வாங்கினேன்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் அதிகம் தொங்குவது பெட்ரோல் டர்போவுக்கான கேஜ். அதில் பாதி வட்டம் வாக்குவம் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்), மீதிதான் பூஸ்ட். பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று பிரிந்து போகும் குழாய்) வாக்குவம் இருக்கும், அதனால் அந்த இன்ஜினுக்கு அது சரி. டீசலில் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, எரிபொருளைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். ஐடிலில் ஊசி பூஜ்யத்தில்தான் நிற்கும். நமக்குப் பூஜ்யத்திலிருந்து 2 பார் வரை காட்டும் கேஜ் போதும். 52 மிமீ அளவு, குழாயை உள்ளே கொண்டுவராத எலக்ட்ரிக் வகை. சென்சார் பானட்டுக்குள்ளேயே நின்றுவிடும், ஒயர் மட்டும்தான் உள்ளே வரும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றதற்கு, "வேலை நடக்கிற இடத்துல கஸ்டமர் நிக்கக்கூடாது சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். திரும்பி வந்தபோது கேஜில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது ஊசி அடிமட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தாலும் அசையவில்லை. கேட்டதற்கு, "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்" என்று பதில். காசு வாங்கும்வரை இருந்த பொறுமை அதற்குப் பிறகு அவர்களிடம் இல்லை.

கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக இறுகி நிற்கிறது. இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துத்தான் நிறுத்தினேன். ஓரமாக ஒதுக்கி பானட்டைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம்.

அவர்கள் வெட்டியிருந்தது பிரேக் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் குழாயை! நடுவே 'T' வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு (டீ), அதைப் பிடிக்க கேபிள் டை. டீசல் இன்ஜின் தானாக வாக்குவம் தராது என்பதால் அதற்கென்று ஒரு பம்ப் ஓடுகிறது, அந்த வாக்குவம்தான் நம் காலின் அழுத்தத்தைப் பெருக்கி பிரேக்குக்குக் கொடுக்கிறது. அந்தக் குழாயில் பூஸ்ட் என்று எதுவும் எந்தக் காலத்திலும் வராது. போனில் கேட்டதற்கு, "எல்லா காருக்கும் இதுலதான் எடுப்போம்" என்றார்கள். பெட்ரோல் கார்களில் அந்தக் குழாய் மேனிஃபோல்டிலிருந்து வரும், சிலர் அங்கே எடுப்பதுண்டு. அங்கேயும் நடுவில் இருக்கும் ஒருவழி வால்வைத் தாண்டி பூஸ்டர் பக்கம் எடுத்தால் கேஜ் பொய்தான் சொல்லும். பிரேக் சம்பந்தப்பட்ட குழாயில் யார் கை வைத்தாலும் உடனே தடுத்துவிடுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. வெட்டின குழாயை ஒட்டுப்போடாமல் புதிதாகவே வாங்கி மாற்றினேன். இப்படி யாருக்காவது ஆகியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

அதற்கப்புறம் வேலையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பலர் சொன்ன எளிய வழி, டர்போவின் வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் அளவு மீறாமல் திறந்துவிடும் கதவு) இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்னக் குழாயில் டீ போடுவது. அங்கே பூஸ்ட் கிடைக்கும்தான். ஆனால் அந்த இணைப்பு கசிந்தால் ஆக்சுவேட்டருக்குப் போக வேண்டிய அழுத்தம் குறையும், வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும். டர்போவின் நலத்தைப் பார்க்க மாட்டும் கேஜே டர்போவுக்கு எமனாகக் கூடாது. அதனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் பெரிய ஹோஸில், நடுவே செருகுகிற ஒரு அலுமினியத் துண்டைக் கடைந்து வாங்குவது என்று தீர்மானித்தேன்.

குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் செய்துகொடுத்தார். இந்த முழு அலைச்சலிலும் மனசுக்கு ஆறுதலாக இருந்த ஒரே ஆள் அவர்தான். சென்சாரின் மரை 1/8 என்பிடி, அதாவது அமெரிக்கக் குழாய் மரை. நான் லிங்கிச் செட்டித் தெருவில் "1/8 கொடுங்க" என்று கேட்டு வாங்கிவந்த பித்தளை நிப்பிளோ பிஎஸ்பி, பிரிட்டிஷ் மரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சென்சார்ல இன்ச்சுக்கு 27 மரை, நீங்க வாங்கினதுல 28. ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும். பலமா முறுக்கினா மரையே போயிடும்" என்றார். நிப்பிளைத் தூரப் போடச் சொல்லி, துண்டிலேயே என்பிடி மரை வெட்டி, ஹோஸ் நழுவாமலிருக்க இரண்டு ஓரத்திலும் சின்ன மேடும் விட்டுக் கொடுத்தார். கடையில் கேட்கும்போது அளவோடு என்பிடியா பிஎஸ்பியா என்பதையும் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் கையில் சென்சாரை எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தத் துண்டைச் செருக ஹோஸைக் கழற்றியபோதுதான் இழுவை குறைந்ததற்குக் காரணம் தெரிந்தது. கிளாம்ப் உட்காரும் இடத்துக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. அத்தனை நாளும் டர்போ தள்ளின காற்றில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கேஜ் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே அதற்குக் கொடுத்த காசு கழிந்துவிட்டது. புது ஹோஸ், புது கிளாம்ப் போட்டேன். சென்சாரைத் துண்டின் மேல்பக்கம், வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள். டீசலில் இன்டேக் காற்றோடு எண்ணெய்த் துளியும் வரும், கீழே வைத்தால் சென்சாருக்குள் தேங்கிவிடும்.

ஒயரை உள்ளே கொண்டுவர ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகடு) ஓட்டை போட வேண்டியதே இல்லை. காரின் ஒயர் கட்டு (ஹார்னஸ்) நுழையும் ரப்பர் குரோமெட்டில் சின்னக் கீறல் போட்டு, விறைப்பான கம்பியில் கட்டி இழுத்தால் வந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் நெருங்காமல் கட்டுங்கள். கடைக்காரர்கள் கேஜின் இரண்டு பவர் ஒயரையும் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் கொடுத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி தனி லைன் எடுக்கும் இணைப்பு) வைத்து எடுத்தேன். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களைத் தொடவே தொடாதீர்கள்.

ஆன்லைனில் வரும் ஏ-பில்லர் பாட்களில் (முன்கண்ணாடி ஓரத் தூணில் கேஜ் மாட்டும் கிண்ணம்) பெரும்பாலானவை இடதுபக்க ஸ்டீயரிங் கார்களுக்கானவை. எனக்கு வந்ததும் அப்படித்தான், நம் வலதுபக்கப் பில்லரில் உட்காரவே இல்லை. டாஷ்போர்டின் மேல் ஒற்றைக் கிண்ணம் வைத்து முடித்தேன். கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற காரில் பில்லர் பக்கமே போகக் கூடாது, விரியும்போது பாட் முகத்தை நோக்கித்தான் பறந்து வரும்.

செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கியரில் 80-ல் சீராகப் போகும்போது ஊசி அரை பாருக்குக் கீழேயே நிற்கிறது. 2000 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால் 1 பாரைத் தாண்டி ஏறுகிறது, காலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. பழைய இழுவை முழுசாகத் திரும்பிவிட்டது. கிளாம்ப்களை முதல் வாரம் கழித்து ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன், அதில் ஒன்று மட்டும் கால் சுற்று இளகியிருந்தது. நீங்களும் பார்த்துவிடுங்கள்.