ஆறு வட்டங்கள்

அம்மோனியா உருவாகும் வினையின் சமன்பாட்டைப் பிழையின்றிச் சமன்செய்த ஒரு மாணவியிடம், ஹைட்ரஜனுக்கு முன்னால் நிற்கும் 3-ஐயும் அதன் காலடியில் இருக்கும் 2-ஐயும் (3H₂) படமாக வரையச் சொன்னேன். இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த மூன்று தனித்தனி இணைகள் வரவேண்டிய இடத்தில் ஆறு வட்டங்களைச் சங்கிலிபோல் ஒட்டி வரைந்தார். விடை சரி, மூலக்கூறுதான் காணாமற்போயிருந்தது.

வேதியியலைக் கண்ணால் காணும் பொருள், கண்ணுக்கெட்டாத துகள், தாளில் எழுதும் குறியீடு என மூன்று நிலைகளாக வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1982-இல் பிரித்துக் காட்டினார். நாங்கள் ஆசிரியர்கள் ஒரே வாக்கியத்துக்குள் இம்மூன்றுக்கும் இடையே தாவிவிடுகிறோம். கேட்பவருக்கோ, எப்போது தாவினோம் என்பதே தெரிவதில்லை. கொதிக்கும் நீரின் குமிழிகளுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக நன்றாகப் படிப்பவர்களும் எழுதுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். உண்மையில் அங்கே இருப்பது நீராவி: மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, அவற்றுக்குள் இருக்கும் பிணைப்புகள் அறுவதில்லை.

பந்தும் குச்சியுமான மாதிரிகள் பெரிதும் உதவுகின்றன, ஆனால் ஆக்சிஜன் அணு சிவப்பு நிறம் என்ற எண்ணத்தையும் அவையே விதைக்கின்றன. (அந்தக் குச்சி எதனால் ஆனது என்று என்னிடமே ஒருவர் கேட்டதுண்டு.)

சமையல் உப்பான சோடியம் குளோரைடில் தனி மூலக்கூறே இல்லை என்பதை ஏற்கவைப்பதுதான் இன்னும் கடினம். உப்புக்கரைசலை வரையச் சொன்னால், அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) பிரிந்து நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டிருப்பதற்குப் பதிலாக, சோடியமும் குளோரினும் கைகோத்தபடியே மிதக்கின்றன.