ப்ரீமெட்டுக்குச் சின்ன ஸ்டேட் யூனிவர்சிட்டி: அந்தச் சதவீதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்

மே 1 கெடுவுக்குள் டெபாசிட் கட்டியாயிற்று. மகள் வரும் ஆகஸ்டில் அமெரிக்காவில் எங்கள் மாநிலத்திலேயே ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் ப்ரீமெட்டாக, அதாவது மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் இளநிலை மாணவியாக, சேர்கிறாள். பெயர் வேண்டாம். ட்ரூமன் ஸ்டேட், சுனி ஜெனீசியோ, யுஎன்சி ஆஷ்வில் மாதிரி, சில ஆயிரம் மாணவர்களும் சின்ன வகுப்புகளும் உள்ள இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், ஃபாஃப்சா (அரசு கல்வி உதவிக்கான படிவம்), ஸ்காலர்ஷிப் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. பாடாய்ப் படுத்தியது ஒரே விஷயம்: இங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிந்துகொள்வது.

விசிட் பதிவு செய்யும்போதே ப்ரீமெட் அட்வைசரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். சரி என்று ஈமெயிலும் வந்தது. நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் நின்றால், அட்மிஷன்ஸ் முன் மேசையில் இருந்த அம்மாள், "அவர் இந்த செமஸ்டர் முழுக்க சபாட்டிகல் லீவில் இருக்கிறாரே" என்றார். ஈமெயிலைக் காட்டினேன். "அது சிஸ்டம் தானாக அனுப்புவது." அவ்வளவுதான். வேறு யாரைப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு வழுவழுப்பான மடிப்புத் தாளை எடுத்து நீட்டினார்.

அதில் பெரிய எழுத்தில், எங்கள் மாணவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுகிறார்கள் என்று இருந்தது. மகள்தான் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள்: 'கமிட்டியின் பரிந்துரை பெற்றவர்களில்.' கமிட்டி என்பது மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குக் கல்லூரி சார்பில் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் குழு.

இது ஏன் முக்கியம் என்றால், நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 2023-ல் எம்.டி. (இங்கே டாக்டருக்கான அடிப்படைப் பட்டம்) கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் 52,000-க்கு மேல், சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 23,000. பாதிப் பேருக்கு மேல் வெளியே நிற்கிறார்கள். ஒரு சின்னக் கல்லூரி மட்டும் 90 என்று சொன்னால், வடிகட்டல் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்று அர்த்தம். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறைவாக இருப்பவருக்கோ எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் சறுக்கியவருக்கோ கமிட்டி லெட்டர் கொடுக்கவில்லை என்றால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். கமிட்டி உள்ள கல்லூரியிலிருந்து அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்று கேட்கும் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. போதாததற்கு, சில இடங்களில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்), பல் மருத்துவம், கால்நடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியவை இவை: முதல் வருஷம் ப்ரீமெட் என்று வந்தவர்கள் எத்தனை பேர், கமிட்டியிடம் போனவர்கள் எத்தனை பேர், கடிதம் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எம்.டி. மட்டும் எத்தனை பேர். நான் கேட்டேன். "அந்தத் தகவல் எங்களிடம் இல்லை." பிள்ளையின் நாலு வருஷத்தை ஒப்படைக்க வந்தவர்களிடம் இப்படிச் சொல்லலாமா? எனக்கு வந்த கோபத்தில் அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டோம், கெமிஸ்ட்ரி பில்டிங்கையாவது பாத்துட்டுப் போலாம்மா" என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள். அதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

இரண்டாம் மாடியில் ஒரு அறை திறந்திருந்தது. உள்ளே ஒரு மாணவி, பென்சில் அளவுகூடத் தடிமன் இல்லாத கண்ணாடிக் குழாயைத் துடைத்து, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். இரண்டாம் வருஷ மாணவியாம். பெரிய பல்கலைக்கழகங்களில் இந்தக் கருவியில் பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள் கைதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் பேராசிரியர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அட்மிஷன்ஸில் கிடைக்காததை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கமிட்டி சிலருக்கு 'இன்னும் ஒரு வருஷம் கழித்துப் போ' என்று சொல்வது உண்மைதான், ஆனால் மூன்றாம் வருஷமே அதைச் சொல்லிவிடுவோம் என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது டைம்டேபிள். அங்கே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி ஸ்பிரிங்கில் மட்டும், பயோகெமிஸ்ட்ரி ஃபாலில் மட்டும். ஒன்றை விட்டால் அடுத்தது ஒரு வருஷம் கழித்துத்தான். 2015-லிருந்து எம்கேட்டில் பயோகெமிஸ்ட்ரி கணிசமாக வருகிறது, அதைப் படிக்காமல் எழுதுவது கஷ்டம். சின்ன இடத்தைப் பார்க்கிறவர்கள் கேட்டலாகில் பாடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எந்த செமஸ்டரில், எத்தனை செக்‌ஷன் என்று கேளுங்கள்.

அதோடு அந்தத் துறை நாலு வருஷம் நிற்குமா என்றும் கேளுங்கள். 2023-ல் சுனி போட்ஸ்டாம் 14 படிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மூன்றும் அதில் இருந்தன. இதை நான் கேட்டதும் பேராசிரியர் முகம் சுளிக்கவில்லை. யார் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்று வரிசையாகச் சொன்னார்.

ஊரில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி, ஷேடோயிங்குக்கு (டாக்டர் கூடவே இருந்து கவனிப்பதற்கு) டாக்டர்கள் அதிகம் இல்லை. மாணவர்கள் சிஎன்ஏ (நர்ஸ் உதவியாளர்) சான்றிதழ் வாங்கி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட அனுபவத்துக்கு அது நல்ல வழிதான்.

சங்கப் பொங்கல் விழாவில் ஒரு அக்கா, "டாக்டராக்கணும்னு சொல்லிட்டு, பேர் தெரியாத காலேஜ்ல போய்ச் சேக்கறீங்களே" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் எம்.டி.க்கு விண்ணப்பித்தார்கள் என்று ஏஏஎம்சி (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) ஆண்டுதோறும் போடும் பட்டியலில் 50 பேரோ அதற்கு மேலோ விண்ணப்பிக்கும் கல்லூரிகள்தான் வரும். சின்ன இடம் அதில் இல்லாததை வைத்து அதன் தரத்தை எப்படிச் சொல்ல முடியும்? பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டியில் நூற்றுக்கணக்கான பேரோடு கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, பிறகு பெயரே தெரியாத பேராசிரியரிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். அந்த நிலைமை இவளுக்கு வராது.

பணமும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் (மேல்படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த ஃபெடரல் கடன்) கிடையாது. மருத்துவம் படிக்க ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். பல மருத்துவக் கல்லூரிகளில் செலவு அதைத் தாண்டும். இன்-ஸ்டேட் கட்டணத்தில் மிச்சமாகும் காசு அப்போது தேவைப்படும். எச்-4 விசாவில் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கடனும் கிடையாது, அவர்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளாத மருத்துவக் கல்லூரிகளும் நிறைய. அந்த வீடுகளில் கணக்கே வேறு.

டெபாசிட் கட்டுவதற்கு முன் கமிட்டி லெட்டர் விதிகளை எழுத்தில் கேட்டோம். அட்மிஷன்ஸ் பதில் போடவே இல்லை. பேராசிரியர் வழியாக, லீவில் இருந்த அட்வைசரே மறுநாள் எழுதினார். எந்த ஜிபிஏவுக்குக் கீழே கடிதம் கிடைக்காது என்பது வரை அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் கார்டை எடுத்தார்.

இன்னொன்று. ஹைஸ்கூலில் டூயல் கிரெடிட் (அப்போதே எடுக்கும் கல்லூரிப் பாடம்) எடுத்த பிள்ளைகள் கவனிக்கவும். கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய ஒரு 'சி' கூட ஆம்காஸ் (எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) கணக்கில் சேரும், அந்த ட்ரான்ஸ்கிரிப்டையும் அனுப்பியாக வேண்டும். சேரும் பல்கலைக்கழகம் அந்தக் கிரெடிட்டை ஏற்காவிட்டாலும் இது மாறாது.